புதுக் கைக்குப் பதினேழு பட்டை

கல்லின் அடியில் எட்டு, மேலே எட்டு, தலையில் ஒன்று. பதினேழு பட்டை. இதற்கு மேல் ஒன்று கூட்டினாலும் புதுக் கை திணறும், ஒன்றைக் குறைத்தாலும் கல் மின்னாது. பதினேழு போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், சொல்லி முடித்ததும் போதுமா என்று சந்தேகம் வருகிறது, நோட்டில் எழுதினதை அடிக்கிறேன். காலையிலிருந்து நாலு பக்கம் இப்படிப் போய்விட்டது. வட்டம் போடக் கருவி இல்லாமல் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் போட்ட வட்டங்கள், ஒன்றில் காபி ஈரம் பட்டுத் தாள் ஊறிக் கிடக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவளிடம் படம் வரையச் சொன்னால் இப்படித்தான். கல்லைக் கொடுத்தால் ஐம்பத்தேழு பட்டையையும் பேசிக்கொண்டே போட்டுவிடுவேன். அதை இன்னொருத்திக்குச் சொல் என்றால் வாய் ஒட்டிக்கொள்கிறது. சிஸ்டர் பெனிட்டா போன வாரம் வந்து, "அமலாம்மா, ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு ஒரு பட்டைப் படம் வரைஞ்சு குடுங்க. மொத நாலு நாள்லயே ஒரு கல்லை முடிச்சுக் கையில வெச்சுப் பாத்தாத்தான் அஞ்சாம் நாள் வருவாங்க, இல்லன்னா ஓடிருவாங்க" என்றார். மடத்துக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு மிஷின். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர்கள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து பதினொன்று வரை சிஸ்டர் கையெழுத்தில். பன்னிரண்டு என்று எழுதி எதிரே காலி. அந்தக் காலி இடம் நான் கேட்டு வாங்கினது. இன்றைக்கு மூன்று மணிக்கு சிஸ்டர் வருவார், படத்தையும் அந்தப் பெயரையும் வாங்கிக்கொண்டு போவார். அந்தப் பெயர் விண்ணரசி, வீட்டில் அரசி. என் மகள். திண்டுக்கல்லில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். ஓமன் போன புருஷனிடமிருந்து பதினாலு மாதமாகப் பேச்சுமில்லை தகவலுமில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் அவள் வாங்குகிற பேச்சை அவள் சொல்வதில்லை, எனக்குக் கேட்காமலே தெரிகிறது. இங்கே வந்துவிடுடி, ஒரு தொழில் கையில் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்று தடவையும் ஒரே பதில்தான். "என் கைக்கு அது வராதும்மா."

வரும். வருகிற மாதிரி ஒரு பட்டையை நான் வரைந்தால் வரும். அதற்குத்தான் இவ்வளவு அடித்தலும் திருத்தலும். சிஸ்டருக்குத் தெரியாது, பதினொரு பெண்களை மனதில் வைத்து நான் வரையவில்லை. அடிப்பக்கத்துச் சாய்வைப் பாருங்கள். படிகக் கல்லுக்கு நாற்பத்து மூன்று டிகிரி வைப்பதுதான் வழக்கம், பட்டறையில் எல்லோரும் நாற்பத்து மூன்றுதான் வைப்போம். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் வெளிச்சம் உள்ளே தங்காது, மேலே விழுகிற வெளிச்சம் அடிவழியாக ஓடிவிடும், கல்லைப் பிடித்திருக்கிற விரலின் ரேகை கல்லுக்குள் தெரியும். அப்படித் தெரிந்தால் அது செத்த கல். எத்தனை மெருகு போட்டாலும் எழுந்திருக்காது. புதுசாக வருகிறவள் நாற்பத்து மூன்று என்று நினைத்து நாற்பதில் நிறுத்திவிட்டால்? அதனால் நாற்பத்தைந்து வைத்தேன். இரண்டு மூன்று டிகிரி பிசகினாலும் கல் பிழைத்துக்கொள்ளும். மின்னல் கொஞ்சம் குறையும், குறையட்டும், பிழைப்பதுதான் முக்கியம். கல்லைத் திருப்பி நிறுத்துகிற பல்சக்கரத்தில் அறுபத்து நாலு பல். எட்டெட்டுப் பல்லாகத் தள்ளித் தள்ளி நிறுத்தினால் எட்டுப் பட்டை. எண்ணத் தெரியாதவளும் வருவாள், எண்ணத் தெரிந்தவளுக்கும் பயத்தில் எண்ணிக்கை விட்டுப்போகும். அதனால் நகப்பூச்சு வாங்கி வந்தேன். எதிரெதிராக இருக்கிற நாலு பல்லுக்குச் சிவப்பு. நடுவில் வருகிற நாலுக்கு வெள்ளை. முதலில் சிவப்பு நாலும் போட வேண்டும். ஒரு கூரைக்கு நாலு பக்கம் வைக்கிற மாதிரி அடியில் ஒரு கூர் புள்ளி நின்றுவிடும். அதன் பிறகு வெள்ளை நாலும் அந்தப் புள்ளியைத் தொட்டால் சரி. தொடுகிறதா என்று பார்த்தால் போதும், அளவு எதுவும் தெரிய வேண்டாம். இதை நான் எழுதினபோது சந்தோஷமாக இருந்தது. எனக்கு இதை யாரும் இப்படிச் சொல்லித் தந்திருந்தால், என்று தொடங்கினேன், நிறுத்திவிட்டேன். எனக்கு யார் சொல்லித் தரவில்லை என்பதா கேள்வி? அவளுக்கு நான் சொல்லித் தந்தேனா? பதினாறு வயசுப் பெண்ணை உட்காரவைத்து எடுத்த எடுப்பில் ஐம்பத்தேழு பட்டையைக் கொடுத்தேன். அமலோற்பவத்தின் மகள் பதினேழில் தொடங்குவதா என்று ஒரு திமிர். அடுப்பில் உலை வைத்தேனா? வைத்து இறக்கிவிட்டேன். கேஸை மூடினேனா? போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருக்கிறது.

வரைந்தால் போதாது, போட்டுப் பார்க்க வேண்டும். மடத்தில் இருப்பதெல்லாம் பழைய மாதிரி மிஷின், என்னுடையது புதிது, இதில் போட்டுப் பார்த்தால் அது கணக்கில் வராது. கட்டிலுக்கு அடியிலிருந்து அரசியின் மிஷினை இழுத்தேன். அவள் வருவதை நிறுத்தினதும் பட்டறையிலிருந்து கொண்டு வந்தது, பன்னிரண்டு வருஷமாக ஒரு பழைய சேலைக்குள் கட்டிக் கிடந்தது. கல் அரைக்கிற தட்டு துருப்பிடித்திருந்தது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன், மோட்டாரைப் போட்டதும் இருமுகிற மாதிரி இரண்டு தடவை நின்று பிறகு ஓடியது. மிஷினின் கையில், கல்லை ஒட்டுகிற குச்சி இருக்கிற இடத்தில், அவள் கடைசியாகப் போட்ட கல் அரக்கோடு அப்படியே இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. குச்சியைக் கழற்றி டப்பா மூடியில் வைத்தேன், கல் தெரியாதபடி மூடியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். பார்த்து என்ன ஆகப்போகிறது? பார்க்காமலே தெரியும். அன்றைக்குப் பட்டறையில் பத்துப் பெண்களும் இருந்தோம். நான் முதல் பலகை, எனக்குப் பக்கத்தில் ஜமீலா, அரசி கடைசிப் பலகை, வாசலோரம். மூன்றாவது நாள். அவள் கல்லை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள், நான் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன், அடியில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அரிசியின் நுனி அளவுக்குக் கோடு. மூன்று நாளாக ஒரே கோடு. முன்னால் இரண்டு கல்லிலும் அதேதான். நான் எழுந்துபோய் அவள் மிஷினில் உட்கார்ந்து அதே கல்லில் ஒரு பட்டை போட்டுக் காட்டினேன். வெண்ணெய் வெட்டின மாதிரி வந்தது. "மிஷினுக்கு என்னடி? உன் கைதான் ஆடுது. கையா இது, முருங்கைக் குச்சி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மோசமான சிரிப்பு இல்லை, பட்டறையில் எப்போதும் சிரிக்கிற சிரிப்புதான். அரசியும் சிரித்தாள். அதைத்தான் நான் மறக்க முடியாமல் கிடக்கிறேன். அழுதிருந்தால் அன்றைக்கே சமாதானம் பண்ணியிருப்பேன். அவளும் சேர்ந்து சிரித்தாள், குச்சியை மிஷினிலேயே விட்டுவிட்டு, மறுநாள் தலைவலி என்றாள், அதற்கு மறுநாள் துணிக்கடையில் வேலைக்குப் போகிறேன் என்றாள்.

அரசி மிஷினின் பல்சக்கரத்திலும் சிவப்பும் வெள்ளையும் வைத்து, அரக்கைச் சூடு காட்டிப் புதுக் கல்லை ஒட்டினேன். மெழுகுவத்தி வாசனை, அரக்கு வாசனை, கோயில் மாதிரியும் இருக்கிறது, சாவு வீடு மாதிரியும் இருக்கிறது. இப்போது நான் அமலோற்பவமாக இருக்கக்கூடாது. என் கைக்கு எல்லாம் சரியாக வந்துவிடும், அதனால் பட்டையில் எங்கே குறை என்று தெரியாமல் போய்விடும். ஒன்றும் தெரியாதவள் மாதிரி போட வேண்டும். அது எப்படி? யோசித்துப் பார்த்தேன். புதுசாக வருகிறவள் கல்லைத் தட்டில் ரொம்ப அழுத்துவாள். அழுத்தினால்தான் அரையும் என்று நினைப்பாள். தோள் காது வரைக்கும் ஏறியிருக்கும். மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இடது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொள்வாள். அரசி அப்படித்தான் வைத்துக்கொண்டாள். நான் இடது கையை மடியில் வைத்தேன். உடனே அது எழுந்து மிஷினுக்குப் போனது. மறுபடி மடியில் வைத்தேன், சேலைத் தலைப்பால் சுற்றி முடிச்சுப் போட்டேன். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள். முப்பத்தொரு வருஷப் பழக்கம், மடியில் இரு என்றால் இருக்குமா? முதல் சிவப்புப் பல். அழுத்தினேன். கர் என்று சத்தம், தண்ணீர் தெறித்தது. இரண்டாவது சிவப்பு. வலது தோள் இப்போதே வலிக்கிறது. இப்படித்தான் அவளுக்கும் வலித்திருக்கும், சொல்லவில்லை, அல்லது சொல்லியிருப்பாள். ஈஸ்டருக்குத் திண்டுக்கல் போயிருந்தேன். பிள்ளையின் கன்னத்தில் கீறல். என்னடி என்றேன், அவன் நகம்தாம்மா, அவனே கீறிக்கிட்டான், என்றாள். பிறை மாதிரி வளர்ந்து கிடந்தது பத்து விரலிலும். வெட்டக்கூடாதா என்றேன். "அத்தை ஊருக்குப் போயிருக்காங்க, வந்து வெட்டுவாங்க" என்றாள். பிள்ளைக்கு நகம் வெட்ட மாமியார் வர வேண்டுமா என்று கேட்டதற்குச் சாதாரணமாகச் சொன்னாள், உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி, "எனக்குக் கை ஆடும்லம்மா." ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாள். குழந்தைக்குச் சங்கில் மருந்து ஊற்ற மாட்டாள். நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன், நல்ல கை, நீளமான விரல், நடுக்கம் ஒன்றுமில்லை, பிடித்த கையை அவள் மெதுவாக உருவிக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது மணப்பாறை வரைக்கும் அந்த வார்த்தையே ஓடியது. எனக்குக் கை ஆடும்ல. ஆடும்ல என்று என்னிடமே கேட்கிறாள், நான்தான் அதற்குச் சாட்சி என்பது மாதிரி.

சிவப்பு நாலும் முடிந்தது. கல்லைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். புள்ளி நிற்கவில்லை. கோடு. சின்னக் கோடு. பட்டை வரைந்ததில் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். நாற்பத்தைந்து வைத்திருக்கக்கூடாதோ, எதிரெதிராகப் போடாமல் வரிசையாகவே போகச் சொல்லியிருக்கலாமோ, நோட்டை எடுத்துப் பார்க்கிறேன், டம்ளர் வட்டத்தில் எல்லாம் சரியாகத்தான் சேர்கிறது, தாளில் சேர்வது கல்லில் ஏன் சேரவில்லை? அப்படியானால் அவளுக்கு நான் என்ன பட்டையைக் கொடுக்கப்போகிறேன்? வந்து உட்கார்ந்து முதல் கல்லிலேயே மறுபடி அந்தக் கோட்டைப் பார்ப்பாள், மறுபடி சிரிப்பாள். முடிச்சை அவிழ்த்து வேறு கல்லை ஒட்டினேன். இடது கையை மறுபடி சுற்றி முடிச்சுப் போட்டேன். சிவப்பு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது, செபம் சொல்ல வேண்டும், அருள் நிறைந்த மரியே என்று தொடங்கிப் பாதியில் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. துடைத்துப் பார்த்தேன். அதே கோடு. அரிசி நுனி அளவு. மூன்றாவது பல்லின் பக்கமாகச் சாய்ந்து. அப்புறம் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. டப்பா மூடியைத் திருப்பினேன். அரசியின் கல்லை எடுத்தேன். பன்னிரண்டு வருஷத்துத் தூசியை எச்சில் தொட்டுத் துடைத்தேன். இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன். கோடு ஒரே அளவு. ஒரே பக்கச் சாய்வு. இரண்டு வேறு கை, ஒரே தப்பு. அப்படி வராது. கைத் தப்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும், அது எனக்குத் தெரியும், முப்பத்தொரு வருஷமாகத் தெரியும், அன்றைக்கும் தெரியும். மூன்று நாளும் ஒரே கோடு என்று நானே பார்த்தேனே, பார்த்துவிட்டு எப்படிக் கை என்றேன்? மோட்டாரை நிறுத்தினேன். பல்சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக அசைத்தேன். ஆடியது. அழுத்தினால் மட்டும் ஒரு முடி அளவுக்கு நகர்ந்து திரும்பி வந்தது. உள்ளே இருக்கிற திருகாணியின் மரை தேய்ந்திருக்கிறது. அப்படியானால் நான் அன்றைக்குப் போட்ட பட்டை மட்டும் எப்படி வெண்ணெயாக வந்தது? சேலை முடிச்சைக் கழற்றினேன். இடது கை தானாக எழுந்துபோய்ச் சக்கரத்தின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்தது. வைத்ததும் சக்கரம் நின்றுவிட்டது. ஆடவில்லை. பட்டறையில் எல்லா மிஷினும் அரைகுறைதான், நாங்கள் எல்லோருமே கட்டைவிரலை அங்கே வைப்போம், யாரும் யாருக்கும் சொல்லித் தந்தது கிடையாது, வைக்கிறோம் என்றே எங்களுக்குத் தெரியாது. தெரியாததை நான் அவளுக்கு எப்படிச் சொல்லியிருப்பேன்? அவள் இடது கை மடியில் இருந்தது.

"என்னக்கா, கல்லோட குடும்பம் நடத்துறியா? ரெண்டு தடவ கூப்பிட்டுட்டேன்" என்று ஜமீலா உள்ளே வந்தாள். கையில் மூடி போட்ட கிண்ணம். பத்தொன்பது வருஷம் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தவள், இப்போது இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். "கொழம்பு. நேத்து வெச்சது, இன்னைக்குத்தான் நல்லாருக்கும். என்ன மூஞ்சி இப்படி இருக்கு?" ஒன்றுமில்லை என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். "டம்ளர் டம்ளரா வரைஞ்சிருக்க. காபி கடைக்கா பட்டை போடுற? இந்தப் பன்னெண்டாவது எடம் இன்னும் காலியாத்தான் இருக்கா? எங்க நாத்தனார் ரஹ்மத்து உசுர எடுக்குறா. அரசி வரலன்னா எனக்குச் சொல்லுக்கான்னு காலையிலயும் கேட்டா." வருவாள் என்றேன். "வந்தா நல்லதுதான், நான் என்ன வேணாங்குறேனா" என்றாள். சொல்லிக்கொண்டே மிஷினைத் தட்டிப் பார்த்தாள். "அரசி மிஷினா இது?" நான் கேட்டேன். கேட்கக்கூடாது என்று ஒரு பக்கம் தோன்றியது, வாய் கேட்டுவிட்டது. "ஜமீலா, அன்னைக்கு நான் அவளைத் திட்டினேன்ல, உன் கைதான் ஆடுதுன்னு. அதுக்கு முன்னாடி அவ ஏதாச்சும் சொன்னாளா?" ஜமீலா யோசிக்கவே இல்லை. "சக்கரம் ஆடுதும்மான்னு சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. நீ கூட அதுக்குத்தானக்கா சொன்னே, ஆடுறது சக்கரமில்ல உன் கைன்னு. அந்தப் பதிலுக்குத்தானே நாங்க அப்படிச் சிரிச்சோம்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏன்க்கா?" நான் சக்கரத்தை அசைத்துக் காட்டினேன். அவள் இரண்டு விரலால் பிடித்து அசைத்தாள், ஒரு தடவை, இன்னொரு தடவை. "யா அல்லா" என்றாள். அப்புறம், "பன்னெண்டு வருஷம் ஆச்சுக்கா. இப்ப போய்..." என்றாள். கிண்ணத்தை மறந்து வைத்துவிட்டுப் போனாள், இல்லை, எனக்காகத்தான் வைத்துவிட்டுப் போனாள், அதைக்கூட நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். பட்டறையில் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, இத்தனை வருஷம் கழித்து ஜமீலாவுக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது, என் நினைவில் மட்டும் அவள் வாய் திறக்கவே இல்லை. நான் எத்தனையோ தடவை அந்த நாளை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அவள் வருகிறாள், கல்லை நீட்டுகிறாள், நான் பேசுகிறேன், அவள் சிரிக்கிறாள். நடுவில் அவள் பேசின இடத்தை நான் எங்கே கொண்டுபோய் வைத்தேன்? ஒரு மணி ஆகப்போகிறது. ஒரு மணிக்கு அவள் மாமியார் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார், அரைமணி நேரம் தூங்குவார், அப்போதுதான் அரசி பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசுவாள். சொன்னால் வந்துவிடுவாள். ஏன் வரமாட்டாள்? கை நல்ல கை என்று தெரிந்தால் வந்துவிடுவாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாளைக் காலை பஸ்ஸிலேயே வந்துவிடுவாள், நான் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பேன். எப்படித் தொடங்குவது? மன்னித்துக்கொள் என்று மகளிடம் சொல்வதா, அந்த வார்த்தை எங்கள் வீட்டில் பூசையில் மட்டும்தான் புழக்கம். நேராகச் சக்கரம் என்று தொடங்கினால் புரியாது. சாப்பிட்டியா என்று தொடங்கலாம். போனில் அவள் பெயரை அமுக்கும்போது விரல் இரண்டு தடவை வழுக்கியது. "என்னம்மா?" என்றாள், மெதுவாக, பின்னால் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம். "சாப்பிட்டியா?" "ஆச்சு. நீ?" நான் சாப்பிடவில்லை, ஆச்சு என்றேன். "பிள்ளை?" "தூங்குறான்." "அரசி, உன் மிஷினை எடுத்தேன்டி." தண்ணீர்ச் சத்தம் நின்றது. குழாயை மூடியிருப்பாள். "எதுக்கு?" "பட்டை போட்டுப் பாக்கத்தான். சக்கரம் ஆடுதுடி. உள்ள மரை தேஞ்சிருக்கு. அன்னைக்கும் சக்கரம்தான் ஆடியிருக்கு. உன் கை இல்ல. உன் கையில ஒண்ணுமே இல்லடி." ஒரு காகம் கத்தியது, அங்கேயா இங்கேயா தெரியவில்லை. பிறகு கேட்டாள், கோபமே இல்லாமல், "அந்தப் பன்னெண்டாவது பேருக்காகச் சொல்றியாம்மா?" "இல்லடி, மாதா மேல சத்தியமா." "சத்தியம்லாம் பண்ணாதம்மா" என்று சிரித்தாள். அதே சிரிப்பு. "நீதான் அன்னைக்கே உக்காந்து போட்டுப் பாத்தியே. உனக்கு ஆடலையே." "நான் கட்டைவிரல வெச்சிருந்தேன்டி. எனக்கே தெரியாது. வெச்சா ஆடாது. நீ சொன்னேல்ல, சக்கரம் ஆடுதுன்னு, ரெண்டு தடவ சொன்னேல்ல?" "சொன்னேனா? ஞாபகம் இல்லம்மா. சும்மா தப்பிக்கிறதுக்குச் சொல்லியிருப்பேன்." நான் விடவில்லை. "இல்லடி, ஜமீலாவுக்கு..." "விடும்மா. என் கை எனக்குத் தெரியாதா? இப்பக்கூட டம்ளர் புடிச்சா தளும்புது. நீ அன்னைக்குச் சரியாத்தான் சொன்னே. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல, நீயும் வெச்சுக்காத. சாப்பிட்டேன்னு சொன்னது பொய்தானே? போய்ச் சாப்பிடு." "அரசி" என்றேன். அவள், "அந்த எடத்த யாருக்காச்சும் குடுத்துரும்மா. பாவம், கை வர்றவங்க கத்துக்கட்டும். அத்தை எந்திரிச்சிட்டாங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

இரண்டே கால். நோட்டில் படம் முடிந்துவிட்டது. இந்தத் தடவை வட்டம் ஒழுங்காக வந்தது, காபி படவில்லை. அடியில் எட்டு, சிவப்பு நாலு, வெள்ளை நாலு, சாய்வு நாற்பத்தைந்து. மேலே எட்டு, சாய்வு முப்பத்தைந்து. தலையில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே இடம் விட்டிருந்தேன், அங்கே எழுதினேன்: முதலில் சக்கரத்தை அசைத்துப் பார்க்கவும். ஆடினால் பட்டை போடக்கூடாது. எழுதினதை வாசித்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய ஒரு வரி, எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பன்னிரண்டு என்று சிஸ்டர் எழுதினதற்கு எதிரே பென்சிலை வைத்துக்கொண்டு இருந்தேன். அரசி என்று எழுதிவிட்டால் என்ன? எழுதிவிட்டு, திங்கட்கிழமை அந்த மிஷின் காலியாகக் கிடப்பதைப் பார்ப்பேன், செவ்வாய்க்கிழமையும் பார்ப்பேன். என் மேல் அவளுக்குக் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். கோபம் இல்லை. நம்பிக்கை இருக்கிறது. அம்மா தப்பாகச் சொல்லமாட்டாள் என்று பதினாறு வயசில் நம்பினதை அவள் இன்னும் நம்புகிறாள், அதை உடைக்க என்னிடம் இருப்பதும் அதே வாய்தான். ரஹ்மத் நிஷா என்று எழுதினேன். கோணல் இல்லாமல், நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக. ஜமீலாவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், கிண்ணத்தைக் கழுவிக் கொடுக்க வேண்டும். சிஸ்டர் வருவதற்குள் மாதிரிக்கு ஒரு கல்லையாவது முடித்து வைக்கலாம் என்று மோட்டாரைப் போட்டேன். திருகாணிக்கு நூல் சுற்றி இறுக்கியிருக்கிறேன், தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும், புதுக் கை அழுத்துகிற மாதிரி அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினேன். சிவப்பு ஒன்று. இரண்டு. மூன்று. அசையவே இல்லை, நன்றாக நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டு, நாலாவது பல்லுக்குத் திருப்பும்போதுதான் பார்த்தேன். கட்டைவிரல் சக்கரத்தின் மேல் இருந்தது. எப்போது போய் உட்கார்ந்தது என்று தெரியவில்லை. எடுத்து மடியில் வைத்தேன். மறுபடி போய்விட்டது. தெருமுனையில் சிஸ்டரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது. எடுத்து மடியில் வைக்கிறேன்.